ஆறு நிமிஷத்துக்கு ஒரு வண்டி

"யம்மா... யம்மா... ஆரஞ்சு சட்டை! தள்ளும்மா!"

மதுவந்தி திரும்புவதற்குள் பால் வண்டியின் பின்பக்கம் அவள் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் வந்து நின்றது. யாரோ அவள் கையிலிருந்த எழுதும் அட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அட்டையை அவள் விடவில்லை. அதனால் அட்டையோடு அவளும் வந்தாள்.

உசிலம்பட்டியைத் தாண்டித் தேனி ரோட்டில் இருக்கும் அந்தப் பால் குளிரூட்டும் நிலையத்தில் அப்போது காலை ஆறே கால். பூந்தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அட்டையின் மறுமுனையில் ஒருவன் நின்றான். தலைமுடியில் சர்க்கரை தூவினாற்போல் மழைத்துளிகள்.

"அட்டையைக் காப்பாத்துனதுக்கு தேங்க்ஸ்," என்றாள் விறைப்பாக. "ஆனா நான் சேஃப்டி ஸோன்லதான் நின்னேன்."

"எது மேடம் சேஃப்டி ஸோன்?"

அவள் தான் நின்ற இடத்தைக் காட்டினாள். அந்த இடத்தின் மேல் நேற்றைய சக்கரத் தடம், முந்தாநாளைய தடம், ஆறேழு வருஷத்துத் தடமெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவன் சிரிக்கவில்லை. உதட்டுக்கு வர வேண்டிய சிரிப்பு வழி தவறிக் கண்ணுக்குப் போய்விட்டது போலிருந்தது... என்ன கண்ணடா இது, என்று அவள் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன் மேலேயே கோபப்பட்டாள்.

டிரைவர் பேயாண்டி வண்டியிலிருந்து குதித்து இறங்கினார். "ஆரு மாப்ள இவுக? ரோட்டை அகலப்படுத்த அளக்க வந்துருக்காகளா? சொல்லிப்புடு... என் வீட்டுச் செவுத்துல கை வைக்கப்படாது!"

"ரோடு இல்ல மாமா, நம்ம டாக்கை அளக்க வந்துருக்காக," என்றான் அவன். பால் கேன்களை இறக்கும் சிமெண்டு மேடையைத்தான் அங்கே டாக் என்பார்கள். "மதுரையிலருந்து வந்த கம்ப்யூட்டர் மேடம். நான் நல்லகாமன், மேடம். இங்க சூப்பர்வைசர்."

நல்ல... காமனா? மதுவந்தியின் காது மடல் சூடானது. உசிலம்பட்டிப் பக்கம் அது குலசாமி மாதிரிப் பழைய பெயர், ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள் என்பது எல்லீஸ் நகரில் வளர்ந்தவளுக்குத் தெரிய நியாயமில்லை.

அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் 'தலைமை சிமுலேஷன் ஆர்க்கிடெக்ட்' என்று பொன்னெழுத்தில் இருந்தது. அவள் கம்பெனி மதுரை அண்ணா நகரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது. மொத்தம் நான்கு பேர். ஒருவர் தலைவர், ஒருவர் துணைத் தலைவர், ஒருவர் உலகளாவிய விற்பனைப் பிரிவின் தலைவர். மிச்சமிருந்தவள் மதுவந்தி. வேலையும் அவளுடையது.

"சிமுலேஷன்னா என்ன மேடம்?" என்றான் நல்லகாமன். "ஜி.எம். எங்களுக்குச் சொன்னாரு. அவருக்கும் புரியல, எங்களுக்கும் புரியல. ஆனா அவரு புரிஞ்ச மாதிரியே சொன்னாரு."

"உங்க டாக்கை அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள கட்டிடுவேன். வண்டி வரும், நிக்கும், பால் இறங்கும், போகும். நிஜத்துல ரெண்டு டாக்குல ஒண்ணை மூடிப் பாக்க முடியுமா? பால் கெட்டுடும். உள்ளே மூடிப் பாக்கலாம். வண்டியை ரெண்டு மடங்கு ஆக்கிப் பாக்கலாம். ஆயிரம் காலை நேரத்தை நாப்பது செகண்டுல ஓட்டிடலாம்."

"ஆயிரமா...! எங்களுக்கு ஒரு காலையை ஓட்டுறதுக்குள்ளயே தாவு தீந்து போகுது. அதுக்குள்ள பால் புளிக்குமா?"

"எவ்ளோ நேரத்துல புளிக்கும்னு சொல்லிட்டா புளிக்கும்."

"டிரைவருக சண்டை போடுவாகளா?"

"...போட மாட்டாங்க."

"அப்ப அது உசிலம்பட்டி இல்ல தாயி," என்று பேயாண்டி தீர்ப்புச் சொல்லிவிட்டு பீடியைப் பற்றவைத்தார்.

பதினோரு நாள் அவள் அங்கே வந்தாள். காலை ஆறு முதல் ஒன்பதுக்குள் இருபத்தாறு வண்டிகள். ஸ்டாப்வாட்சும் கையுமாக நின்று ஒவ்வொன்றையும் அளந்தாள். தாளில் மூன்று கட்டங்கள் போட்டிருந்தாள்: இறக்கம், மோப்பம், சும்மா. கேன் இறக்கும் நேரம் முதல் கட்டத்தில். பாலை முகர்ந்து சோதிக்கும் நேரம் இரண்டாவதில். நல்லகாமன் டிரைவர்களோடு நின்று கதை பேசும் நேரமெல்லாம் 'சும்மா'வில் போனது. அவளோடு நின்று பேசிய நேரம்...? அப்போதெல்லாம் ஸ்டாப்வாட்ச் எப்படியோ நின்றுபோயிருந்தது.

"கேன் மூடியைத் திறந்ததும் மொத மூச்சைத் தவற விட்றப்படாது மேடம்," என்று நான்காம் நாள் அவன் சொல்லிக்கொடுத்தான். "பாலை மோக்கப்படாது. மூடியோட உள்பக்கத்தை மோக்கணும். இந்தா, இது செல்லம்பட்டிப் பக்கத்துப் பால். மாடு வேப்பங்கொழை தின்னுருக்கு. பாருங்க..."

மூடியை நீட்டினான். அவள் கண்ணை மூடி முகர்ந்தாள். இளஞ்சூட்டில் பால் வாசம்... வேப்பங்குழை எங்கே? மூடியைப் பிடித்திருந்த கையின் சோப்பு வாசம்தான் வந்தது.

"தெரியுதா மேடம்?"

"ம்... நல்லாவே தெரியுது."

தலைமை சிமுலேஷன் ஆர்க்கிடெக்ட் தன் தொழில் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் அது.

ஏழாம் நாள் மழை கொட்டித் தீர்த்தது. இறக்கி வைத்த கேன்களின் மேல் தார்ப்பாயை இழுத்துப் பிடிக்க ஆள் போதவில்லை. ஒரு முனையை நல்லகாமன் பிடித்தான். மறுமுனையை, யாரும் கேட்காமலே, மதுவந்தி ஓடிப்போய்ப் பிடித்தாள். தார்ப்பாய்க்கு நடுவில் தண்ணீர் குளம் கட்டியது. அதைத் தாண்டி இரண்டு கண்கள்...

"விட்றாதீங்க மேடம்..."

"விட மாட்டேன்..."

இருபது நிமிஷம் அப்படியே நின்றார்கள். மழை ஐந்தாவது நிமிஷமே நின்றுவிட்டது என்பதைப் பேயாண்டிதான் வந்து சொன்னார். "மாப்ளயும் ஒரு வாரமா இஸ்திரிச் சட்டை போட்டு வாரான்," என்று போகிற போக்கில் ஒரு சேதியையும் போட்டார். "கேட்டா, கசங்குன சட்டையில தூசி நிக்கும், பால்ல விழுமுங்கறான்."

கடைசி நாள் நல்லகாமன் தயங்கித் தயங்கி வந்தான். "நாளையிலருந்து வர மாட்டீகளா?"

"டேட்டா போதும்."

"எங்களுக்கு எம்புட்டு வந்துச்சு?"

"ஒரு வண்டிக்கு ஆறு நிமிஷம். சராசரி."

"ஆறா...!" பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க் வாங்கியவன் முகம் அவனுக்கு வந்தது. "அது நல்ல மார்க்கா மேடம்?"

"ரொம்ப நல்ல மார்க்."

பேக்கரி மாடியில், பன் வாசனைக்கு நடுவே, மதுவந்தி டாக்கைக் கட்டினாள். திரையில் நீலக் கட்டங்களாக வண்டிகள் ஊர்ந்து வந்தன. சூப்பர்வைசருக்கு ஒரு குட்டிப் பொம்மை வைத்தாள். இரண்டு டாக்குக்கும் நடுவே அது ஓடி ஓடி வேலை பார்த்தது. ஆயிரம் காலைகளை ஓட்டினாள். ஆயிரம் காலையிலும் அந்தப் பொம்மை ஒரு தடவைகூட அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. என்னவோ ஒரு ஏமாற்றம்... சீ, என்ன பைத்தியக்காரத்தனம்!

தலைவர் ஜெயராம் வந்து திரையைப் பார்த்தார். கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார். மாடியில் நான்கு பேருக்கு நடுவிலும் அவர் கழுத்துப்பட்டி கட்டுவார். "டாக் பாதி நேரத்துக்கு மேல காலியா இருக்கே! நாற்பத்து மூணு சதவீதம்தான் வேலை. ஒரு டாக்கை மூடு. ஓட்டு."

ஓட்டினாள். ஒரே டாக்கில் இருபத்தாறு வண்டியும் இறங்கின. ஆறு நிமிஷத்துக்கு ஒரு வண்டி, கச்சிதமாக.

"அற்புதம்! ஒரு டாக்குக்குத் தனி சூப்பர்வைசர் எதுக்கு? அவரை ரீடிப்ளாய் பண்ணச் சொல்லிடுவோம்."

பொம்மையைப் பார்த்தாள் மதுவந்தி. மனசில் ஏதோ கிள்ளியது. "சார், இன்னும் ஒப்பிட்டுப் பாக்கல. அங்க எடை போடுறவரோட நோட்டு இருக்கு. ஒவ்வொரு வண்டியும் டாக்குக்கு எப்ப வந்துச்சு, எப்ப கிளம்புச்சுன்னு மூணு மாசத்துக்கு எழுதியிருக்கு. மாடல் சொல்றதும் அதுவும் ஒத்துப் போகுதான்னு..."

"அந்த நோட்டு யாரோ பென்சில்ல எழுதினது. நீ ஸ்டாப்வாட்ச்ல அளந்திருக்க. எது சரி?"

கேள்வி கேட்ட விதத்திலேயே பதில் இருந்தது. அவளுக்கும் அந்தப் பதில் இனித்தது. திரையில் இவ்வளவு அழகாக ஓடுகிறதே... பொய்யா சொல்லும்? ரீடிப்ளாய் என்றால் வேறு இடத்துக்கு மாற்றுவதுதானே, நல்ல வேலையாகத்தான் கொடுப்பார்கள், என்று தன்னையே தேற்றிக்கொண்டு, ஒப்பிட்டாயிற்று என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்த்தாள். நோட்டின் நகல் மடிப்புக் கலையாமல் அவள் பையிலேயே தூங்கியது.

பால் நிலையத்தின் ஜி.எம். ஜெயபாண்டி சுறுசுறுப்பானவர். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படித்த கையோடு, திங்கட்கிழமையே இரண்டாம் டாக்குக்குப் பூட்டுப் போட்டார்.

இறுதி விளக்கக் கூட்டம் வியாழக்கிழமை பத்து மணிக்கு. ஜெயராம் காரில் வருவார். மதுவந்தி முந்திக்கொண்டு எட்டரைக்கே பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஏன் முந்திக்கொண்டாள் என்று அவளைக் கேட்கக் கூடாது.

ரோட்டிலேயே பால் வண்டிகள் நின்றன. ஒன்று, இரண்டு... ஏழு. மழை விட்ட பிறகு அடிக்கிற வெயில், ஊசியாகக் குத்தியது. டிரைவர்கள் ஈரச் சாக்கை எடுத்துக் கேன்கள் மேல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"ஒம்பது கேன் திரும்பிருச்சு தாயி," என்றார் பேயாண்டி. முதல் தடவையாக அவர் குரலில் கேலி இல்லை. "நேத்து எட்டு. விடியக்காலம் எந்திரிச்சுக் கறந்து ஊத்துனவுக வாசல்ல போயி, ஒங்க பால் புளிச்சுப் போச்சுன்னு நான் என்ன மூஞ்சியோட சொல்லுவேன்?"

உள்ளே, ஒற்றை டாக்கில், நல்லகாமன் வியர்த்து ஒழுகி நின்றான். சட்டை கசங்கியிருந்தது.

"என்ன ஆச்சு? ஏன் வண்டி நிக்குது?"

"ஒரு டாக்கு மூடிக் கெடக்கு மேடம். ஒங்க கம்ப்யூட்டரு அப்படித்தான் சொல்லுச்சாம்." அவளைப் பார்க்காமலே சொன்னான். "ஒண்ணாந்தேதியிலருந்து நான் கொட்டாம்பட்டி. ஆர்டர் வந்துருச்சு. நல்ல ஊருதான்... நாலு வழிச் சாலை, வண்டியெல்லாம் நிக்காமப் போயிரும்."

கொட்டாம்பட்டி! மதுரைக்கு அந்தப் பக்கம், திருச்சி ரோட்டில்... அவ்வளவு தூரமா என்று நினைத்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு. ஆயிரம் காலைகளை ஓட்டிப் பார்த்த கர்வம் பேசியது. "ஆறு நிமிஷத்துக்கு ஒரு வண்டி இறங்கினா வரிசையே வராது! என் மாடல் தப்பில்ல. நீங்க... நீங்க வேணும்னே மெதுவா இறக்குறீங்களா?"

அவன் கை கேன் மேலேயே நின்றது. கண்ணில் வழக்கமாக இருந்த அந்தச் சிரிப்பு அணைந்ததை அவள் பார்த்தாள்.

"பாலு கெடணும்னு நான் நெனைப்பேனா?" என்றான் மெதுவாக. "எடைக்காரரு நோட்டு அந்தா இருக்கு. படிச்சவுகதான... பாத்துக்கங்க."

அவன் கேன் கழுவும் பக்கம் போய்விட்டான். மதுவந்தி எடை மேடையருகே உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். ஆடி மாசம்: வண்டிக்கு ஒன்பதரை நிமிஷம். ஆவணி: ஒன்பதரை. புரட்டாசி: ஒன்பதரை. பிறகு திடீரென்று ஆறு, ஆறு, ஆறு... பதினோரு நாள். அதற்கு மறுநாளே மறுபடி ஒன்பதரை. அதே மேடை, அதே மிஷின், அதே ஆட்கள். அந்தப் பதினோரு நாளில் புதிதாக இருந்தது என்ன? ஓர் ஆரஞ்சுச் சட்டை மட்டும்தான்.

எழுந்து ஓடினாள். "நல்லகாமன்! நான் வந்த பதினோரு நாளும் என்ன நடந்துச்சு?"

அவன் குழாயைத் திறந்துவிட்டான்.

"அவன் சொல்ல மாட்டான். நான் சொல்லுறேன்," என்று பேயாண்டி குறுக்கே வந்தார். "தெனம் வெள்ளனவே எல்லாருக்கும் போனு. கல்லுப்பட்டி வண்டி தூரத்துலருந்து வருது, அது முதல்ல, அடுத்து நீ, அப்புறம் அவன்னு வரிசை சொல்லிருவான். ஆள் பத்தலைன்னா கேனை இவனே சொமப்பான். அந்த மேடம் முன்னாடி எவனும் சண்டை போடப்படாதுன்னு சத்தியம் வேற வாங்குனான். பதினோரு நாளு தாயி! நானே ஒருத்தனையும் வையாம இருந்தேன்... வயித்துக்கே ஒத்துக்கல."

"எதுக்கு?" என்றாள் மதுவந்தி. பதில் தெரிந்தும் கேட்டாள். அவன் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

நல்லகாமன் குழாயை மூடினான். காது இரண்டும் செம்பருத்தியாகச் சிவந்திருந்தன. "மேடம் பாத்துக்கிட்டு இருந்தீக... அதான்."

குழாயில் மிச்சத் தண்ணீர் சொட்டியது.

"இதைப் போயி உள்ள சொல்லிறாதீக," என்றான் அவசரமாக. "வேலை போனாப் போகுது. ஒரு பொண்ணு பாக்குதுன்னு கேன் தூக்கி வித்தை காட்டுனான்னு ஊரே சிரிக்கும். நான் கொட்டாம்பட்டிக்கே போயிக்கிறேன்."

கூட்ட அறையில் ஏசி ஓடியது. திரையில் 'நாளைய பால், இன்றே' என்று ஜெயராம் எழுதிவைத்திருந்தார். அதற்கு அர்த்தம் என்ன என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் தெரியாதவர்கள் ஆகிவிடுவோமே என்ற பயம். ஓரத்தில், மாறுதல் ஆர்டரில் கையெழுத்துப் போட வந்த நல்லகாமன் கதவோடு கதவாக நின்றான்.

மதுவந்தி எழுந்தாள். சொன்னால் அவன் மானம் போகும். சொல்லாவிட்டால் அவனே போய்விடுவான், பாலும் போகும். தன் மானத்தை முதலில் போட்டுவிட வேண்டியதுதான்.

"சார், இந்த ரிப்போர்ட் தப்பு."

"அவங்க சொல்ல வர்றது, ஒரு சின்ன கேலிப்ரேஷன் திருத்தம்..." என்று ஜெயராம் எழுந்தார்.

"இல்ல சார். மொத்தமா தப்பு. ஒப்பிட்டுப் பாத்தேன்னு எழுதினது பொய். இன்னைக்குக் காலைலதான் நோட்டைப் பிரிச்சேன். நிஜத்துல ஒரு வண்டிக்கு ஒன்பதரை நிமிஷம். ஒரு டாக் பத்தாது. சூப்பர்வைசர் டிரைவர்கள்கிட்ட பேசினதை எல்லாம் நான் 'சும்மா'ன்னு எழுதியிருக்கேன். அந்தப் பேச்சாலதான் வரிசையே ஒழுங்கா நிக்குது."

ஜெயபாண்டி கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அந்த ஆறு நிமிஷம் எப்படிம்மா வந்துச்சு?"

கதவுப் பக்கம் பார்க்காமல் சொன்னாள். "அளந்தவ தப்பு சார். வண்டியைப் பாக்க அனுப்பினீங்க. நான் ஆளைப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒருத்தர் அவ்ளோ கஷ்டப்பட்டு வேகமா செய்யறார்னு எனக்குத் தோணியிருக்கணும். தோணல. அவர் பக்கத்துல வந்து நின்னா ஸ்டாப்வாட்சை நிறுத்திடுவேன். எனக்கு... அவரைப் பிடிச்சிருந்தது சார். பிடிச்சவங்களை அளக்கக் கூடாது."

ஜெயராம் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். உடனே சமாளித்தார். "இதைத்தான் சார் ஹ்யூமன் ஃபேக்டர் அனாலிசிஸ்னு சொல்வோம். எங்க கம்பெனியோட புதுச் சேவை."

ஜி.எம். அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மாறுதல் ஆர்டரை எடுத்து நாலாகக் கிழித்துத் தேநீர்த் தட்டில் போட்டார். "டாக்கைத் தொறங்கப்பா." திடீரென்று அவருக்கு ஒரு நிர்வாக யோசனை வந்தது. "ஏம்மா... நீங்க தெனமும் வந்து நின்னா ஆறு நிமிஷத்துலயே இறங்குமா?"

மதுவந்திக்குத் தரை பிளந்தால் தேவலை போலிருந்தது.

"மாசம் ஒருக்கா வந்தாக்கூட ஏழுல கொண்டாந்துருவேன் சார்," என்றது கதவு.

இரண்டாம் டாக்கின் பூட்டைத் திறந்ததும் வண்டிகள் நகரத் தொடங்கின. மதுவந்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேகமாக வாசலைப் பார்த்து நடந்தாள். பின்னாலேயே காலடிச் சத்தம்.

"மேடம்... உள்ள சொன்னது, என் வேலைக்காகச் சொன்னதா?"

"ஒரு தடவை பொய் எழுதிப் பட்டது போதும்." அவள் நின்றாள். திரும்பவில்லை. "நீங்க வேணும்னே மெதுவா இறக்குறீங்களான்னு கேட்டேனே... அதுக்கு மன்னிப்பு கேக்கணும்."

"கேளுங்க."

திரும்பினாள். அந்தச் சிரிப்பு கண்ணுக்குத் திரும்பி வந்திருந்தது.

"ரொம்பத்தான்!" என்றாள். "ஊரே சிரிக்குமே, பரவாயில்லையா?"

"ஒங்களையும் சேத்துல்ல சிரிக்கும். ரெண்டு பேருன்னா தாங்கிக்கலாம்." ஒரு அடி கிட்டே வந்தான். "மதுவந்தி..." மேடம் எங்கோ விழுந்துவிட்டது. "எனக்கு ஒங்களை அம்புட்டுப் பிடிச்சிருக்கு. ஒங்க அப்பாகிட்ட நான் வந்து பேசவா? என்ன சொல்லுவாரு? அதையும் ஆயிரம் தடவை ஓட்டிப் பாத்துட்டுத்தான் சொல்லுவீகளா?"

எல்லீஸ் நகர் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் அப்பா வெங்கட்ரமணனை நினைத்தாள். கோபப்படுவார்... இரண்டு நாள் பேச மாட்டார்... பிறகு? தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. தெரியாமல் இருப்பது இத்தனை சுகமாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"ஞாயித்துக்கிழமை வாங்க," என்றாள். "இஸ்திரிச் சட்டை போட்டுக்கிட்டு."

"மாப்ளேய்...! வண்டி டாக்குக்கு வந்தாச்சு!" பேயாண்டி ஹாரனை விடாமல் அழுத்தினார்.

நல்லகாமன் திரும்பவில்லை. அந்த வண்டி இறங்கப் பதினாலு நிமிஷம் ஆனது.